லயன் ஃபிஷ் பிழைச்சிட்டு

உள்ள வாங்க தம்பி. செருப்பு அங்கனயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாவ. பாளையங்கோட்டையில இருந்தா வாரீய? பஸ்லயா? அப்போ முதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க. மீன் எங்கயும் போயிடாது.

ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடுதேன். அந்த விளம்பரம் போட்டது நான் இல்ல. என் மகள் பிரிஸ்கா. மதுரையில கட்டிக் குடுத்திருக்கு. திடீர்னு ஒருநாள் போன் போட்டு, "அப்பா, தொட்டியை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னா. சரி, பிள்ளை ஆசையாக் கேக்குதேன்னு கண்ணாடியெல்லாம் துடைச்சு, நீல லைட்டைப் போட்டு, நல்லா எடுத்து அனுப்புனேன். பாத்தா ஊர்பேர் தெரியாதவுக எல்லாம் போன் பண்ணுதாவ, தொட்டி விலைக்கா விலைக்கான்னு. அவகிட்ட கேட்டா, "அது போகட்டும்பா. பெறவு நான் அம்மாகிட்ட பேசிப் பாக்கேன்"ங்கா. பேசிப் பாக்கேன்னா என்ன அர்த்தம்? இது போனா அவ அம்மா திரும்பி வருவான்னு தான அர்த்தம்? அதான் உங்களை வரச் சொன்னேன். இல்லாட்டா இதை விக்கிற ஆள் இல்ல நான்.

அந்தா, பாறைக்கு அடியில பாருங்க. தலைகீழாத் தொங்குதுல்லா, கோடு கோடா, விசிறியை விரிச்ச மாதிரி. அதான் லயன் ஃபிஷ். கண்ணாடியில விரல் வச்சுத் தட்டாதீய, அதுக்குப் பிடிக்காது. முன்னால இன்னும் ரெண்டு உருப்படி இருந்துது. ஒரு களவா, வாய் பெருசா இருக்கும்லா அந்த மீன், பெறவு ஒரு அஞ்சாளை. அஞ்சாளை தெரியும்லா? பாம்பு மாதிரி நீளமா, பொந்துக்குள்ள இருந்து தலையை மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். மூணும் பிடிச்சுத் திங்கிற சாதி. அழகு மீன் வளக்கது யாரு வேணா வளக்கலாம். இதுகளை வளக்க ஆள் வேணும்.

நான் ஹார்பர்ல இழுவைப் படகுல இஞ்சின் டிரைவரா இருந்தேன். பெர்க்மான்ஸ்னு சொன்னா பழைய ஆளுகளுக்குத் தெரியும். ஆயுசு பூரா இஞ்சின் சத்தத்துலயே இருந்துட்டு, ரிட்டையர் ஆகி வீட்டுக்கு வந்தா காதுக்குள்ள என்னமோ ஆகிப் போச்சு. வீடு அவ்வளவு அமைதியா இருக்கு. இந்தத் தொட்டி வந்து, இந்த பம்ப் ஓட ஆரம்பிச்ச பெறவு தான் எனக்குத் தூக்கமே வந்துது. எமல்டா, அதான் என் வீட்டுக்காரி, அவகூட சொல்லுவா, "உங்களுக்குத் தாலாட்டு வாங்கிட்டு வந்தாச்சு"ன்னு. சிரிச்சிக்கிட்டே தான் சொல்லுவா. அவளுக்கு இதுமேல வெறுப்பு ஒண்ணும் கிடையாது. அதை நீங்க நல்லா மனசுல வச்சிக்கிடணும்.

தொட்டி இருக்க இந்த இடத்துல முதல்ல அவ கீபோர்டு இருந்துது. கோயில்ல பாடகர் குழுவுக்கு அவ தான் வாசிக்கா. வாசிச்சா. ஞாயித்துக்கிழமை பூசைக்கு, கல்யாணத்துக்கு, அடக்கத்துக்கு, எல்லாத்துக்கும் எமல்டா தான். வெயில் படாத சுவரு இது ஒண்ணு தான். வெயில் பட்டா தொட்டியில பாசி பிடிச்சிரும். அதனால கீபோர்டை உள் ரூமுக்கு மாத்துனோம். பெறவு உள் ரூம்ல வாசிச்சாலும் அதிர்வு இங்கன வருது. மீன் மிரளுது. அஞ்சாளை பொந்தை விட்டு வெளிய வர மாட்டேங்கு. அதனால அடுக்களைக்குப் பின்னால, துவைக்கிற கல்லு பக்கத்துல ஒரு மேசை போட்டுக் குடுத்தேன். நல்ல காத்து அங்க. அவ சத்தத்தைக் குறைச்சு வச்சு வாசிப்பா. நான் அவளை வாசிக்காதேன்னு என்னைக்கும் சொன்னது இல்ல தம்பி.

இந்த லயன் ஃபிஷ் இருக்குல்லா, வந்த புதுசுல செத்த தீனி எடுக்காது. உயிரோட ஓடுறதைத் தான் பிடிக்கும். தினம் உயிர் இறாலுக்கு நான் எங்க போக? எமல்டா தான் பழக்குனா. ஒரு ஈர்க்குச்சி நுனியில உரிச்ச இறாலைக் குத்தி, தண்ணிக்குள்ள லேசா ஆட்டுவா. துடிக்க மாதிரி ஆட்டுவா. எவ்வளவு நேரம் ஆனாலும் நிப்பா. நான் ஆட்டுனா அது திரும்பிக்கூடப் பாக்காது. அவ ஆட்டுனா பைய வரும். வாயைத் திறந்ததும் தெரியாது, மூடுனதும் தெரியாது, இறால் இருந்த இடத்துல இறால் இருக்காது. அவ்வளவு தான். வாசிக்க கைல்லா, அந்த நெளிவு அவளுக்கு வரும். பெறவு பெறவு அவ முகத்தைக் கண்ணாடி வழியாப் பாத்தாலே அது மேல வந்துரும். இப்ப சொல்லுங்க, பிடிக்காதவ இப்படிச் செய்வாளா?

ஒருக்க பிரிஸ்கா, அவுக அம்மா பிறந்தநாளுக்கு ரெண்டு சின்ன மீன் வாங்கிட்டு வந்தா. ஆரஞ்சுக் கலர்ல வெள்ளைப் பட்டை போட்டு இருக்கும்லா, அது. எமல்டாவுக்கு அதுமேல உசிரு. "இதுக்கு ஒரு சின்னத் தொட்டி தனியா வச்சிக்கிடுவோம்"ன்னா. வைப்போம்னு தான் நானும் சொன்னேன். கண்ணாடி வெட்டக் குடுக்கணும், ஆளைப் பாக்கணும், நாள் ஓடிப் போச்சு. அதுவரைக்கும் இதுலயே ஒரு ஓரத்துல வலை கட்டி விட்டிருந்தேன். ஒருநாள் பாத்தா வலை அவுந்து கிடக்கு. மீன் ரெண்டையும் காணும். களவா வயிறு புடைச்சு நிக்கி. அது களவா மேல தப்பா? அதுக்கு என்ன தெரியும், பிறந்தநாள் மீனுன்னு? எமல்டா வந்து பாத்தா. "போயிட்டா?"ன்னு கேட்டா. பெறவு போய் சோறு வடிச்சா. பிரிஸ்கா தான் சாமி ஆடிட்டா.

இதையெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னா, ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கிட்டு அலையுதாவ. நீங்களாவது நடந்ததைக் கேளுங்க.

அந்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால. ராத்திரி பூரா ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. விடிஞ்சு பாத்தா தெருவுல தண்ணி. மேற்க ஏதோ குளம் உடைஞ்சிட்டுன்னாவ. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் வந்துட்டு. கறுப்புத் தண்ணி. சாக்கடை, கக்கூஸ், எல்லாம் ஒண்ணாச் சேந்த தண்ணி. கரண்டு போயிட்டு. இன்வெர்ட்டரு தரையில இருந்துது, அது முங்கிப் போச்சு. பேட்டரி போட்டு ஓடுற சின்ன பம்ப் ஒண்ணு வச்சிருந்தேன். அது கொஞ்ச நேரம் ஓடிட்டு மூச்சை விட்டுட்டு.

தொட்டிக்கு என்ன ஆச்சுன்னா, ஒண்ணும் ஆகல. ஸ்டாண்டு உயரம். ஆனா பம்ப் ஓடலன்னா மீனுக்கு மூச்சு முட்டும். இந்தச் சாதி மீனுக்கு உடம்பு பெருசு, காத்து நிறைய வேணும். பம்ப் இல்லாட்டா ஒரே வழி தான். செம்பால தண்ணியை மோந்து, உசரத்துல இருந்து திரும்பத் தொட்டிக்குள்ளயே ஊத்தணும். விழும்போது நுரைக்குதுல்லா, அதுல காத்து கலக்கும். விடாம ஊத்தணும். நான் கொஞ்ச நேரம், எமல்டா கொஞ்ச நேரம். மாத்தி மாத்தி. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு.

மாடியில தங்கபுஷ்பம்னு இருக்காவ. வீட்டுக்கார அம்மா. அவுக படியில நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாவ. "ஏ எமல்டா, மேல வா. சுகர் உள்ள உடம்பு. அந்தத் தண்ணியில நிக்காத"ன்னாவ. எமல்டா, "இந்தா வாரேன்க்கா"ன்னா. ஆனா போகல. நான் அவளைப் போகாதேன்னு சொல்லல தம்பி. நான் என்ன சொன்னேன்னா, "நீயும் போயிட்டா நான் ஒத்தையில எப்படி ஊத்த"ன்னு கேட்டேன். அது கேள்வி. கேள்வி கேக்கது தப்பா?

முதல் நாள் அப்படியே போச்சு. மறுநாளும் தண்ணி இறங்கல. அஞ்சாளை பொந்தை விட்டு வெளிய வந்து மேலாக்கக் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. களவா ஒரு பக்கமாச் சரியுது. எனக்குக் கை ரெண்டும் மரத்துப் போச்சு. மத்தியானம் தங்கபுஷ்பம் அக்கா கஞ்சி காய்ச்சி இருந்தாவ. "நான் ஊத்துதேன், நீங்க போய்க் குடிச்சிட்டு வாங்க"ன்னு எமல்டா தான் சொன்னா. போனேன். குடிச்சேன். சூடான கஞ்சி உள்ள போனதும் கண்ணைச் செருகிட்டு. அங்கனயே பாயில லேசாத் தலையைச் சாய்ச்சேன்.

முழிச்சுப் பாத்தா தங்கபுஷ்பம் அக்கா என்னைப் போட்டு உலுக்குதாவ. கீழ வந்தேன். எமல்டா தொட்டி பக்கத்துல நிக்கா. வலது கையை இடது கையால பிடிச்சிக்கிட்டு நிக்கா. உதட்டைக் கடிச்சிருக்கா. செம்பு தண்ணியில மிதந்து போகுது.

அது கடிக்கல தம்பி. எல்லாரும் கடிச்சிட்டு கடிச்சிட்டுங்காவ. லயன் ஃபிஷ் கடிக்காது. முதுகு முள்ளுல விஷம். யாராவது போய்ப் பட்டா குத்தும், அவ்வளவு தான். அது காத்துக்காக மேல வந்து, ஊத்துற இடத்துல நின்னிருக்கு. இவ அசதியில செம்பை ஆழமா விட்டிருக்கா. அதுக்கு இவ வந்துருக்கான்னு தெரிஞ்சு தான் மேலயே வந்திருக்கும். அதுவும் ஒரு வகையில பாசம் தான்.

நான் முதல்ல மீனைப் பாத்தேன். இதைத் தான் பிரிஸ்கா பெரிய குத்தமாச் சொல்லுதா. அவளுக்கு யாரு சொன்னாவன்னு தெரியல, தங்கபுஷ்பம் அக்காவாத் தான் இருக்கும். ஏன் பாத்தேன்? எமல்டா நிக்கா, முழிச்சிருக்கா, பேசுதா. மீன் ஓரத்துல சாஞ்சு கிடக்கு. எது அவசரம்னு பாக்கணும்லா? இஞ்சின் ரூம்ல எங்களுக்கு அப்படித் தான் பழக்கம். கையில செம்பு இல்ல, சட்டியை எடுத்து ஒரு பத்திருபது தடவை ஊத்துனேன். அது அசைஞ்சதும் திரும்பி, "சுடுதண்ணியில கையை வை, தாங்குற சூட்டுல வை, விஷம் முறியும்"னு சொன்னேன். எனக்குத் தெரியும்லா அது. தங்கபுஷ்பம் அக்கா கூட்டிட்டுப் போய் வச்சாவ. வலி கொஞ்சம் அடங்கிச்சு. ஆனா கை வீங்குது. முழங்கை வரைக்கும் வீங்கிட்டு. அந்தத் தண்ணி, அந்த சுகரு, எல்லாம் சேந்துக்கிட்டு. குளிரு காய்ச்சல் மாதிரி நடுங்குதா.

கடற்கரையில இருந்து பயலுவ ஃபைபர் படகைத் தெருவுக்குள்ளயே கொண்டாந்துட்டானுவ. நம்ம ஆளுக தான். ஒவ்வொரு வீடாக் கூப்பிட்டு ஏத்துதானுவ. எமல்டாவைத் தூக்கி வச்சாச்சு. தங்கபுஷ்பம் அக்கா கூட ஏறுனாவ. ஒருத்தன் என்னைப் பாத்து, "பெரியவரே, நீங்களும் ஏறுங்க"ன்னான்.

நான் அவனுக்கு எப்படிச் சொல்ல? ரெண்டு நாளா ஊத்தியிருக்கோம். விட்டுட்டுப் போனா அவ்வளவும் வீணாப் போகும். அவ பட்ட பாடும் சேந்துல்லா வீணாப் போகும்? நான் எமல்டாவைப் பாத்தேன். அவளும் என்னைப் பாத்தா. பெறவு சொன்னா, "நீங்க இருங்க."

அவளே சொன்னா தம்பி. நீங்க இருங்கன்னு. படகுல இருந்தவன் அத்தனை பேரும் கேட்டான். இதை இன்னைக்கு வரைக்கும் யாரும் நம்ப மாட்டேங்காவ. மருமகன்கிட்ட சொன்னேன், அவர் பேச்சை மாத்திட்டாரு. சாமியாருகிட்ட சொன்னேன், "அவுங்க சொன்னாங்க சரி, நீங்க ஏன் கேட்டீங்க"ங்காரு. பொண்டாட்டி சொல்லைக் கேக்காட்டாலும் தப்பு, கேட்டாலும் தப்பு.

நானும் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன செய்ய? நான் டாக்டரா? கூடத் தான் பொம்பளை ஆள் போகுதுல்லா.

பெறவு ஒத்தையில ஊத்துனேன். எவ்வளவு ஊத்துனேன்னு எனக்கே தெரியாது. களவா அன்னைக்குச் சாயங்காலமே போயிட்டு. அஞ்சாளை மறுநாள். தூக்கிப் போடக்கூட இடம் இல்ல, எங்க பாத்தாலும் தண்ணி. இது மட்டும் தான் கிடந்து இழுத்துக்கிட்டு இருந்துது. கரண்டு வந்துது பாருங்க, பம்ப்பைக் காய வச்சு, மாட்டி, ஓட விட்டேன். ஓடிச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் நான் அழுதுட்டேன் தம்பி. எங்க அப்பா செத்ததுக்குக்கூட நான் அப்படி அழுதது இல்ல.

அப்பந்தான் எமல்டா போன் பண்ணா. தங்கபுஷ்பம் அக்கா போன்ல இருந்து. முதல் போன் அது. எனக்கு எதை முதல்ல சொல்லன்னே தெரியல. சந்தோஷத்துல, "எமல்டா, லயன் ஃபிஷ் பிழைச்சிட்டு"ன்னேன். "அப்படியா"ன்னா. "ஆமா, ரெண்டு போயிட்டு, ஆனா இது பிழைச்சிட்டு"ன்னேன். "சரி. சாப்பிட்டீயளா"ன்னு கேட்டா. பாத்துக்கிடுங்க, அந்த நிலைமையிலயும் அவளுக்கு நான் சாப்பிட்டனான்னு தான். அப்படி ஒரு மனுஷி.

நான் கேட்டேனான்னா? என்ன கேட்டேனான்னா? கையைப் பத்தியா? கேட்டிருப்பேன். கேக்காம இருப்பனா.

உடனே போக முடியல ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு செத்த மீன் கிடந்த தண்ணி. அப்படியே விட்டா இதுவும் போயிரும். நல்ல கடல் தண்ணி வேணும். கரையோரத் தண்ணி பூரா வெள்ளத்துல கலங்கிக் கிடக்கு. ஆளைப் பிடிச்சு, உள்கடல்ல இருந்து கேன்ல எடுத்துட்டு வந்து, பாதியை மாத்தி, கழுவி, எல்லாம் முடிச்சுத் தான் கிளம்புனேன். நான் போகும்போது ஆபரேசன் முடிஞ்சிருந்துது. சீழ் வச்சிட்டாம். ஆள்காட்டி விரல்ல பாதியை எடுத்துட்டாவ. நடு விரல் இருக்கு, ஆனா மடங்காது. பிரிஸ்கா தான் கையெழுத்துப் போட்டிருக்கா.

வராந்தாவுல வச்சு அவ கேட்டா, "இப்ப எதுக்குப்பா வந்தீய?"

"என்னம்மா இப்படிக் கேக்க? உங்க அம்மாவைப் பாக்கத் தான்."

"பாத்தாச்சுல்லா. போங்க. அங்க மீன் காத்துக்கிட்டு இருக்கும்."

பெத்த அப்பனைப் பாத்து ஒரு பிள்ளை கேக்க கேள்வியா இது? ஆனா நான் கோவப்படல. பிள்ளை பயந்து போயிருக்கு. அப்படித் தான் நெனச்சிக்கிட்டேன்.

எமல்டா இங்க தான் வந்தா. பிரிஸ்கா எவ்வளவோ கூப்பிட்டா. "எங்க வீட்டுக்குப் போறேன்"னு சொல்லி இங்க தான் வந்தா. வந்து கொஞ்ச நாள் நல்லாத் தான் இருந்தா. இடது கையால எல்லா வேலையும் பழகிட்டா. காய் நறுக்குவா, துணி பிழிவா, வீடு தூப்பா. நான் சொன்னேன், "பாத்தியா, ஒண்ணும் கெட்டுப் போகல. எல்லா வேலையும் நடக்குதுல்லா"ன்னேன். தைரியம் சொல்லணும்லா நாம.

வாசிக்கது மட்டும் தான் முடியல. பின்னால போய் ஒருநாள் கீபோர்டு முன்ன உக்காந்திருந்தா. சத்தம் ஒண்ணும் வரல. எனக்காகத் தான் குறைச்சு வச்சு வாசிக்காளோன்னு போய்ப் பாத்தேன். வாசிக்கல. சும்மா அது மேல துணி போட்டு மூடிக்கிட்டு இருந்தா. கொஞ்ச நாள்ல பாடகர் குழுவுல ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அதைத் தூக்கிக் குடுத்துட்டா. நான் வேண்டாம்னு சொல்லல. சும்மா கிடக்கதுக்கு யாராவது வாசிக்கட்டும்.

இன்னொரு நாள், இதையும் சொல்லிடுதேன், அவ இந்தத் தொட்டி முன்னால நிக்கா. நானாச் சொல்லல, அவளா தான் இறாலை எடுத்து, குச்சியில குத்தி, இடது கையால ஆட்டிக்கிட்டு நிக்கா. இது அவளைப் பாத்ததும் மேல வந்துட்டு. வந்து பாக்குது. ஆனா எடுக்க மாட்டேங்கு. அவ ஆட்டிக்கிட்டே இருக்கா. குச்சி நடுங்குது, துடிக்க மாதிரி வரல. நான் சொன்னேன், "அந்தக் கைக்கு அது வராதும்மா. விட்டுடு, நான் பாத்துக்கிடுதேன்." அவ குச்சியைப் பையக் கீழ வச்சா. கையைக் கழுவுனா. அவ்வளவு தான். சண்டையா? இல்லவே இல்ல. நாங்க சண்டை போட்டு எவ்வளவோ வருசம் ஆச்சு.

அதுக்கு அடுத்த வாரம் போல, ஒரு பையில நாலு சேலையை வச்சிக்கிட்டு, "பிரிஸ்கா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்"ன்னா. வாரேன்னு தான் சொன்னா தம்பி. போறேன்னு சொல்லல. நான் பஸ் ஏத்தி விட்டேன். ஜன்னல் ஓரமா இடம் பிடிச்சுக் குடுத்தேன். தவக்காலத்துக்கு முன்னால அது. ஈஸ்டர் வந்துது, மாதா கோயில் திருவிழா வந்து கொடி இறங்கிட்டு. திருவிழாவுக்கு வராம அவ இருந்ததே கிடையாது. சப்பரம் நம்ம தெரு முனையில திரும்பும்போது நான் ஒத்தையில நின்னேன். பாக்கவன் எல்லாம், "எமல்டா அக்கா எங்க"ன்னு கேக்கான். மகள் வீட்டுக்குப் போயிருக்கான்னேன்.

போய்ப் பாக்காம இருந்தேனா? போனேன். மதுரைக்குப் போனேன். எமல்டா தான் காப்பி கொண்டாந்து குடுத்தா. நல்லா இருக்கா. பேரப்பிள்ளை அவ மடியை விட்டு இறங்க மாட்டேங்கு. நான் புது ஸ்கிம்மர் வாங்குனதைச் சொன்னேன். அதான், அழுக்கை நுரையா எடுத்துப் போடுற மெஷின். எல்லாத்தையும் கேட்டா. "எப்ப வார"ன்னு கேட்டேன். "பாப்போம்"ன்னா. "ராத்திரி தங்கிட்டுப் போங்க மாமா"ன்னு மருமகன் சொன்னாரு. நான் எப்படித் தங்க? இங்க தண்ணி வத்திக்கிட்டே இருக்கும், உப்பு கூடிரும், நல்ல தண்ணி ஊத்தி ஈடு கட்டணும். அன்னைக்கே திரும்பிட்டேன். எமல்டா வாசல் வரைக்கும் வந்து நின்னா. கையைச் சேலைக்குள்ள மறைச்சு வச்சிக்கிட்டு நின்னா. அது ஒரு பழக்கமா ஆயிட்டு போல.

இப்ப நீங்க தான் சொல்லணும். இதுல நான் செஞ்ச தப்பு எது? குடிச்சனா? அடிச்சனா? வேற ஒருத்தியைத் தேடிப் போனனா? ஒரு மீன் வளத்தேன். இந்த வீட்டுக்குள்ள, என் கண்ணு முன்னால. அதையும் வேண்டாம்னா சரி, குடுத்துடுதேன். நீங்க கொண்டு போங்க. நல்லாப் பாத்துக்கிடுவீயள்லா? வீட்ல யாரும் இதுக்கு எதிரா இல்லையே? கல்யாணம் ஆயிட்டா? அவுகளுக்குப் பிடிக்குமா? கேட்டுக்கிடணும் தம்பி. அது முக்கியம்.

இருங்க, போன் அடிக்கி. பிரிஸ்கா தான். ஒரு நிமிசம்.

சொல்லும்மா. ஆமா, வந்திருக்காவ. பாளையங்கோட்டையில இருந்து. பேசிக்கிட்டுத் தான் இருக்கோம். குடுக்கப் போறேன்மா, கட்டாயம் குடுக்கப் போறேன். நீ அம்மாகிட்ட சொல்லிட்டியா? என்ன சொன்னா? ... ம். ... ம். ... திரும்பச் சொல்லு, பம்ப் சத்தத்துல கேக்கல. ... அப்படியா சொன்னா? ... பக்கத்துல இருக்காளா? குடு, ஒரு வார்த்தை பேசுதேன். ... சரி. பரவாயில்ல. வேலையா இருந்தா இருக்கட்டும். வச்சிடுதேன்.

தம்பி, ஒரு விசயம். தப்பா நெனைக்கப்படாது. உங்களை இவ்வளவு தூரம் அலைய விட்டுட்டேன். விலைக்கு இல்ல இது. எமல்டா விக்கச் சொல்லவே இல்லையாம். பிரிஸ்கா தானா செஞ்ச வேலை இது. இன்னைக்குத் தான் அவகிட்ட விசயத்தைச் சொல்லியிருக்கா, அப்பா தொட்டியை விக்காவ, நீ வீட்டுக்குப் போகலாம்னு. அதுக்கு அவ சொன்னாளாம், "அதை எதுக்கு விக்கணும்? இருக்கட்டும். அங்க அவருக்கு வேற யாரு இருக்கா"ன்னு.

பாத்தீயளா? நான் சொன்னேன்லா? அவளுக்குக் கோவமே கிடையாது. கோவம் இருந்தா தூக்கிக் குப்பையில போடச் சொல்லியிருப்பா. இருக்கட்டும்னு சொல்லுதா. என்மேல உள்ள அக்கறை தான. இத்தனை நாள் இந்தப் பிள்ளை தான் நடுவுல நின்னு என்னமோ பேசிக்கிட்டு இருந்திருக்கு.

எந்திரிக்காதீய. உக்காருங்க, டீ போடுதேன். பஸ் பொழுது பூரா இருக்கு.

'அங்க'ன்னு சொல்லியிருக்கா. இந்த வீட்டை. மதுரையில இருந்து பேசுதவ 'அங்க'ன்னு தான தம்பி சொல்லணும்? வேற எப்படிச் சொல்லுவா?